ஏலக்காய் ஸ்டோரில் இரண்டு சமன்பாடுகள்



பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இரண்டு சமன்பாடுகளைக் கொடுத்து எக்ஸ் எவ்வளவு, ஒய் எவ்வளவு என்று கேட்கும் பாடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் இது ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. மத்திய வாரியத்தில் பத்தாம் வகுப்பில். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் கேட்டால் கடகடவென்று போட்டுக் காட்டுகிறார்கள். "சப்ஸ்டிட்யூஷன் மெத்தட், டீச்சர்" என்று பெயரும் சொல்கிறார்கள். ஆனால் "எதை எடுத்து எதற்குப் பதிலாக வைத்தாய்? ஏன் வைக்கலாம்?" என்று கேட்டால் வாய் அடைத்துப்போகிறது. பெற்றோரிடம் சொன்னால், "நாங்கள் எட்டாவதோடு நின்றவர்கள், அதுவும் தமிழில் படித்தவர்கள். இங்கிலீஷ் கணக்கு எங்களுக்கு எப்படி வரும்?" என்கிறார்கள்.

கணக்கில் இங்கிலீஷ் கணக்கு, தமிழ்க் கணக்கு என்று இரண்டு கிடையாது. சப்ஸ்டிட்யூஷன் என்பதைத் தமிழ்ப் பாடநூல் பிரதியிடல் முறை என்கிறது. ஒன்றுக்குப் பதில் அதற்குச் சமமான இன்னொன்றை வைப்பது, அவ்வளவுதான். இதை நான் என் சொந்த ஊர்ச் சரக்கை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன். பெற்றோர்கள் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

என் ஊர் வண்டன்மேடு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை வட்டத்தில், ஏலமலையின் மேல் இருக்கிறது. கம்பத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் மலைச்சுவரைத் தாண்டினால் எங்கள் பக்கம். ஏலக்காய்ச் செடிக்கு நிழலும் மழையும் குளிரும் வேண்டும். மூன்றும் அங்கே உண்டு. தோட்ட வேலைக்குத் தேனிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து லயத்தில் குடியிருப்பவர்கள் ஒரு பக்கம். காலையில் ஜீப்பில் ஏறி வந்து மாலையில் இறங்கிப் போகிறவர்கள் ஒரு பக்கம். அதனால் கடைத்தெருவில் மலையாளமும் தமிழும் பாதிக்குப் பாதி கேட்கும். காய்க்கு விலை வைக்கும் ஏலமும் அங்கேதான். முன்பு கையைத் தூக்கி ஏலம் கேட்ட காலம் போய், 2007-ல் கணினி ஏலம் வந்தது. இப்போது நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் எங்கள் பக்கம் புற்றடியிலும், தமிழ்நாட்டில் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. 2022-ல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இப்படி ஏறி இறங்கும் சரக்கில் கால் கிலோ, அரைக் கிலோ வித்தியாசமும் பணம்தான்.

நூறு கிலோ பச்சைக்காய்

செடியிலிருந்து பறித்த பச்சைக்காயை அப்படியே விற்று வைக்க முடியாது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் உலர்த்தும் கூடத்தில், தட்டுகளில் பரப்பி, ஐம்பது டிகிரி செல்சியஸை ஒட்டிய மிதமான சூட்டில் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் காய வைப்பார்கள். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், நிறம் போனால் விலையும் போய்விடும். பச்சைக்காயில் ஏறத்தாழ 80 விழுக்காடு தண்ணீர். உலர்ந்த காயில் சுமார் 10 விழுக்காடு நிற்க வேண்டும்.

இப்போது கேள்வி. 100 கிலோ பச்சைக்காய், அதில் 80 விழுக்காடு தண்ணீர். 10 விழுக்காடு ஈரம் நிற்கும்வரை உலர்த்தினால் எத்தனை கிலோ உலர்காய் கிடைக்கும்?

கீழே படிக்கும் முன் மனத்தில் ஒரு விடை சொல்லிக்கொள்ளுங்கள்.

வகுப்பில் கேட்டபோது பத்துக்கு எட்டுப் பேர் 30 கிலோ என்றார்கள். எண்பதில் பத்து போனால் எழுபது, நூறில் எழுபது போனால் முப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டோரில் வேலை செய்யும் எவரிடமும் போய் முப்பது கிலோ என்று சொன்னால் சிரிப்பார். சமன்பாடு எழுதிப் பார்ப்போம்.

நமக்குத் தெரியாதவை இரண்டு. கிடைக்கும் உலர்காயின் எடை ஒன்று. ஆவியாகப் போகும் தண்ணீரின் எடை மற்றொன்று. முதலாவதை உ என்றும் இரண்டாவதைத் த என்றும் வைத்துக்கொள்வோம். (கணக்கின் தலையில் உ போட்டால் பிள்ளையார் சுழியும் ஆயிற்று.) இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். உ என்பது உலர்காய் அல்ல. உலர்காயின் எடை கிலோவில் எத்தனை என்னும் எண். பிள்ளைகள் எழுத்தைப் பொருளாக நினைத்துவிட்டால் பின்னால் எல்லாமே குழம்பும். எந்தக் கணக்கிலும் முதல் வரியாக "உ என்பது இன்னதன் எடை, கிலோவில்" என்று முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்.

ஸ்டோருக்குள் போனது 100 கிலோ. வெளியே வந்தது உலர்காயும் ஆவியும். ஆகவே,

உ + த = 100 ... (1)

இனித் தண்ணீரை மட்டும் எண்ணுவோம். உள்ளே போன தண்ணீர் 80 கிலோ. அதில் த கிலோ ஆவியாயிற்று. மீதி உலர்காய்க்குள் இருக்கிறது. அது உலர்காயின் எடையில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே,

உ/10 + த = 80 ... (2)

இந்த இடத்தில்தான் முப்பது கிலோக்காரர்கள் வழி தவறினார்கள். மிஞ்சும் 10 விழுக்காடு என்பது பழைய நூறு கிலோவில் பத்து அல்ல, உலர்ந்து நிற்கும் காயின் எடையில் பத்து. விழுக்காடு என்றாலே எதன் விழுக்காடு என்று கேட்டுவிட வேண்டும்.

இரண்டாம் சமன்பாட்டை மட்டும் பார்த்தால் அதில் தெரியாதவை இரண்டு. ஒன்றும் செய்ய முடியாது. முதல் சமன்பாட்டுக்கும் அதே கதைதான். ஆனால் முதல் சமன்பாடு ஒரு செய்தியைச் சொல்கிறது: த எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், அது நூறிலிருந்து உ-வைக் கழித்ததற்குச் சமம்.

த = 100 − உ

இரண்டும் ஒரே எண்தான், பெயர்தான் வேறு. அதனால் இரண்டாம் சமன்பாட்டில் த இருக்கும் இடத்தில் 100 − உ என்று எழுதினால் எதுவும் கெட்டுப்போகாது.

உ/10 + 100 − உ = 80

தெரியாதது ஒன்றாகிவிட்டது. இனி ஏழாம் வகுப்புக் கணக்குதான். நூறை ஒரு பக்கம் வைத்து, உ உள்ளவற்றை மறுபக்கம் கொண்டுபோனால்,

20 = உ − உ/10
20 = 9உ/10
உ = 200/9 = 22.22

உலர்காய் 22 கிலோவும் கொஞ்சமும். ஆவியானது த = 100 − 22.22 = 77.78 கிலோ. சரிபார்க்க, விடையை இரண்டாம் சமன்பாட்டில் போடுங்கள்: உலர்காய்க்குள் நிற்கும் ஈரம் 2.22 கிலோ, ஆவியானது 77.78 கிலோ, இரண்டும் சேர்ந்து 80. முதல் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்ப்பது போதாது. த-வை அதிலிருந்துதான் எடுத்தோம், அது எப்படியும் சரியென்றே காட்டும். தேர்வில் இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடும் பிள்ளைகளே அதிகம்.

இந்த 30-க்கும் 22.22-க்கும் உள்ள வித்தியாசம் தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண். மலையில் வேறு. உலர்காய் கிலோ 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பச்சைக்காயாக வாங்கி உலர்த்தி விற்கலாம் என்று புதிதாக ஒருவர் இறங்குகிறார். முப்பது கிலோ தேறும், 75,000 ரூபாய் வரும் என்று நம்பி, நூறு கிலோவை 65,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டார். கைக்கு வருவது 22.22 கிலோ, அதாவது ஏறத்தாழ 55,550 ரூபாய். விறகுக்கும் ஆள்கூலிக்கும் முன்பே 9,450 ரூபாய் நட்டம். பச்சைக்காய் விற்கும் சிறு விவசாயிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அவர் கையில் உள்ள நூறு கிலோ என்ன பெறும் என்று வாங்குபவருக்கு மட்டும் தெரிந்து, விற்பவருக்குத் தெரியாமல் இருந்தால் பேரம் சமமாக நடக்குமா?

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சமன்பாடு எழுதியவர்கள் அல்லர். "நாலரைக்கு ஒன்று" என்பார்கள், மழை நேரத்தில் "அஞ்சுக்கு ஒன்று" என்பார்கள். நம் விடையைப் பாருங்கள்: 100-ஐ 22.22-ஆல் வகுத்தால் சரியாக நாலரை. காயில் ஈரம் 82 விழுக்காடாக இருந்தால்? இரண்டாம் சமன்பாட்டின் 80-ஐ 82 ஆக்கித் திரும்பப் போட்டுப் பாருங்கள்; உ = 20 வரும், அதாவது ஐந்துக்கு ஒன்று. ஈரம் இரண்டு விழுக்காடுதான் கூடியது, உலர்காய் இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டது. அனுபவத்தில் கண்ட வாய்க்கணக்கும் நம் சமன்பாடும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

இன்னொன்றும் போட்டுப் பார்க்கலாம். உலர்காயில் 10-க்குப் பதில் 12 விழுக்காடு ஈரத்தோடு ஸ்டோரை நிறுத்திவிட்டால், அதே 100 கிலோவுக்கு 22.73 கிலோ தேறும். அரைக் கிலோ கூடுதல். 2,500 ரூபாய் விலையில் 1,250 ரூபாய்க்கு மேல். வாங்குபவர் தண்ணீருக்குக் கொடுக்கும் பணம் அது. வியாபாரிகள் காயைக் கையில் எடுத்துக் குலுக்கி, விதை சலசலக்கிறதா என்று காதருகே வைத்துக் கேட்பதும், ஈரம் அளக்கும் கருவி வைத்திருப்பதும் இதற்காகத்தான். ஈரம் நின்ற காய் மூட்டையில் பூஞ்சை பிடித்துவிடும் என்பது தனி விஷயம்.

ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கலாம்: "டீச்சர், தண்ணீரை விட்டுவிட்டுக் கெட்டிச் சத்தை மட்டும் பார்த்தால் ஒரே வரியில் முடியுமே?" உண்மை. தண்ணீர் போக 20 கிலோ சத்து, அது உலர்காயில் 90 விழுக்காடு, ஆகவே 20-ஐ 0.9-ஆல் வகுத்தால் 22.22. நாம் பிரதியிட்டபோது 20 = 9உ/10 என்று வந்ததே, அது இதுதான். பிரதியிடல் நம்மைக் கைபிடித்து அந்தக் குறுக்குவழிக்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

பெரிய காய், சிறிய காய்

ஸ்டோரிலிருந்து வரும் காயைச் சலித்து, பருமனான காயைத் தனியாகவும் சிறிய காயைத் தனியாகவும் பிரிப்பார்கள். பருமனுக்கு விலை அதிகம். ஒருவர் 60 கிலோ கொண்டுபோனார். பெரிய காய் கிலோ 2,600 ரூபாய்க்கும் சிறிய காய் 2,200 ரூபாய்க்கும் போயின. மொத்தம் 1,46,400 ரூபாய். (எண்கள் நம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.) எது எத்தனை கிலோ?

பெரிய காயின் எடை பெ, சிறிய காயின் எடை சி.

பெ + சி = 60
2600பெ + 2200சி = 1,46,400

முதல் சமன்பாட்டிலிருந்து சி = 60 − பெ. இரண்டாவதில் சி இருக்கும் இடத்தில் இதை வைக்கும்போது கட்டாயம் அடைப்புக்குறி போட வேண்டும்:

2600பெ + 2200(60 − பெ) = 1,46,400

அடைப்புக்குறியை விட்டுவிட்டு 2200 × 60 − பெ என்று எழுதுவதுதான் நான் திருத்தும் தாள்களில் அதிகம் காணும் பிழை. சிறிய காய் முழுவதற்கும் 2,200 ரூபாய் விலை. அறுபதுக்கு மட்டும் விலை போட்டுவிட்டு, கழிக்கும் பெ-க்குப் போடாமல் விட முடியுமா? பெருக்கினால்,

2600பெ + 1,32,000 − 2200பெ = 1,46,400
400பெ = 14,400
பெ = 36, சி = 24

சரிபார்ப்பு: 36 கிலோவுக்கு 93,600, 24 கிலோவுக்கு 52,800, கூட்டினால் 1,46,400.

இடையில் வந்த 400பெ = 14,400 என்பதற்கும் ஒரு பொருள் உண்டு. அறுபது கிலோவும் சிறிய காயாகவே இருந்திருந்தால் 1,32,000 ரூபாய்தான் வந்திருக்கும். வந்ததோ 14,400 கூடுதல். ஒவ்வொரு கிலோ பெரிய காயும் 400 கூடுதலாகத் தருகிறது. அப்படியானால் பெரிய காய் 36 கிலோ. பெற்றோர்களே, எழுத்து எதுவும் எழுதாமல் இப்படி மனக்கணக்காகப் போடத் தெரிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அதே யோசனையைத்தான் உங்கள் பிள்ளை அடைப்புக்குறி போட்டு எழுதுகிறது.

கூலிப் புத்தகம்

என் அம்மா ஒரு தோட்டத்தில் காய் எடுத்தவர். நாட்கூலி ஒன்று, குறித்த அளவுக்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் காசு ஒன்று. சனிக்கிழமை மொத்தத் தொகையைக் கையில் கொடுப்பார்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள். அம்மா நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வேலைக்குப் போன நாட்களுக்குக் கோடும், கூடுதல் கிலோவுக்குப் புள்ளியும் போட்டு வைப்பார். "கணக்குப்பிள்ளை ஐயா சொல்றதுதானே கணக்கு" என்பார் பக்கத்து லயத்து அக்கா. அம்மா விடமாட்டார், ஆனால் அந்தக் கோடுகளையும் புள்ளிகளையும் வைத்துக்கொண்டு மேலே என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. நான் ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடத்துக்கு வந்தபோதுதான், அந்தத் தாளில் இருந்தவை இரண்டு சமன்பாடுகள் என்று எனக்குப் புரிந்தது.

இன்றைய எண்களாக மாற்றிச் சொல்கிறேன். முதல் வாரம் 6 நாள் வேலை, 15 கிலோ கூடுதல், கைக்கு வந்தது 3,390 ரூபாய். அடுத்த வாரம் 5 நாள், 22 கிலோ கூடுதல், வந்தது 2,996 ரூபாய். ஒரு நாள் கூலி நா ரூபாய், கூடுதல் கிலோவுக்குக் கி ரூபாய் என்றால்,

6நா + 15கி = 3390
5நா + 22கி = 2996

முதல் சமன்பாட்டை முழுவதும் ஆறால் வகுங்கள்:

நா = 565 − 2.5கி

இரண்டாவதில் வையுங்கள்:

5(565 − 2.5கி) + 22கி = 2996
2825 − 12.5கி + 22கி = 2996
9.5கி = 171
கி = 18

நா = 565 − 45 = 520. கூடுதல் கிலோவுக்கு 20 ரூபாய் என்று வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தால், கொடுத்தது 18 என்று இந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

இரண்டு வாரக் கணக்கு இருந்தாலே போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒரு வாரம் 6 நாள், 12 கிலோ, 3,336 ரூபாய். இன்னொரு வாரம் 3 நாள், 6 கிலோ, 1,668 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதிலிருந்து நா = 556 − 2கி. இரண்டாவதில் வைத்தால்,

3(556 − 2கி) + 6கி = 1668
1668 = 1668

கி மறைந்துபோயிற்று! பிள்ளைகள் இந்த இடத்தில் தாங்கள் எங்கோ தவறிவிட்டதாக எண்ணி அழித்துவிடுகிறார்கள். தவறு இல்லை. இரண்டாம் வாரம் முதல் வாரத்தின் சரிபாதி; புதிதாக அது எதையும் சொல்லவில்லை. சமன்பாடு இரண்டாகத் தெரிந்தாலும் செய்தி ஒன்றுதான். நாட்கூலி 520, கிலோ 18 என்பதும் பொருந்தும். 516, 20 என்பதும் பொருந்தும். இதைத்தான் பாடநூல் எண்ணற்ற தீர்வுகள் என்கிறது.

அதே இரண்டாம் வாரத்துக்கு 1,638 ரூபாய் கொடுத்திருந்தால்? அப்போது 1668 = 1638 என்று வரும். அது ஒருநாளும் நடக்காது. பாடநூல் தீர்வு இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடும். கூலி வாங்கியவருக்கு அதன் பொருள் வேறு: இரண்டு வாரமும் ஒரே விலையில் கூலி போடவில்லை, அல்லது இரண்டில் ஒரு கணக்கு பிழை. கணக்குப்பிள்ளையின் பதிவேட்டிலா, நம் நாட்காட்டித் தாளிலா என்பதைச் சமன்பாடு சொல்லாது. ஆனால் போய்க் கேட்கலாம் என்று சொல்லும். நம்மில் பலர் இன்று வெளியூரிலும் வெளிநாட்டிலும் மணிக்கூலிக்கும் ஓவர்டைமுக்கும் வேலை செய்கிறோம். சம்பளச் சீட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டும் இடங்களும் உண்டு. இரண்டு மாதச் சீட்டுகளை எடுத்து, பிள்ளையிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போது இந்த முறை, எப்போது வேண்டாம்

பிரதியிடல் எல்லா இடத்திலும் சுகமான வழி என்று நான் சொல்ல மாட்டேன். ஏதாவது ஒரு எழுத்துக்கு முன்னால் எண் இல்லாமல், தனியாக நின்றால் இந்த முறை வெண்ணெயில் கத்தி. இல்லாவிட்டால் பின்னம் வந்து பிடித்துக்கொள்ளும். இதற்கு நல்ல உதாரணம் கி.பி. 850-ஐ ஒட்டி, இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் கன்னட நாட்டில் வாழ்ந்த மகாவீராசாரியாரின் கணிதசாரசங்கிரகத்தில் இருக்கிறது. அந்த நூலைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியார் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1912-ல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. கணக்கு இது: எலுமிச்சை இனத்துப் பெரிய பழம் 9-ம் விளாம்பழம் 7-ம் சேர்ந்து விலை 107, அதே பெரிய பழம் 7-ம் விளாம்பழம் 9-ம் சேர்ந்து விலை 101. ஒவ்வொன்றும் என்ன விலை?

9எ + 7வி = 107
7எ + 9வி = 101

இதில் வி = (107 − 9எ)/7 என்று தொடங்கினால் விடை வரும், ஆனால் வழியெல்லாம் பின்னம். மகாவீரர் அப்படிப் போகவில்லை. பெருக்கிக் கழித்து ஒன்றை ஒழித்துவிடும் விதியைச் சொல்கிறார். பள்ளியில் அதை நீக்கல் முறை என்பார்கள். எனக்குப் பிடித்தது கலப்பு வழி. இரண்டையும் கூட்டினால் 16எ + 16வி = 208, ஆகவே எ + வி = 13. இரண்டையும் கழித்தால் 2எ − 2வி = 6, ஆகவே எ − வி = 3. இப்போது எழுத்துகள் தனியாக நிற்கின்றன. எ = 3 + வி என்பதை எ + வி = 13-ல் வைத்தால் 3 + 2வி = 13, வி = 5, எ = 8. பெரிய பழம் 8, விளாம்பழம் 5.

எக்ஸ், ஒய் என்று எழுதினால்தான் கணக்கு என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. அந்த எழுத்துகளைத் தெரியாதவற்றுக்கு வைத்து எழுதும் வழக்கம் 1637-ல் வெளிவந்த பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்தின் நூலால் பரவியது. அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு முன்பே, 1150-ஐச் சேர்ந்த பாஸ்கராசாரியாரின் பீஜகணிதத்தில், தெரியாத எண்களுக்குக் கருப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். ஆகையால் நாம் உ என்றும் த என்றும் எழுதுவதில் குற்றமில்லை. தேர்வில் மட்டும் கேள்வித்தாளில் உள்ள எழுத்தையே பயன்படுத்துங்கள்.

வீட்டில் போட நான்கு கணக்குகள்

1. கம்பத்திலிருந்து ஒரு ஜீப்பில் வேலைக்கு வந்தவர்கள் 14 பேர். பெண்கள் ஆண்களைப்போல் ஆறு மடங்கு. ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை?

2. 150 கிலோ பச்சைக்காயில் ஈரம் 82 விழுக்காடு. 10 விழுக்காடு ஈரம் நிற்கும்வரை உலர்த்தினால் உலர்காய் எத்தனை கிலோ, ஆவியான தண்ணீர் எத்தனை கிலோ?

3. ஒரு குவியல் உலர்காயில் ஈரம் 9 விழுக்காடு, இன்னொன்றில் 14 விழுக்காடு. இரண்டையும் கலந்து 11 விழுக்காடு ஈரமுள்ள 50 கிலோ வேண்டும். எதில் எத்தனை கிலோ எடுக்க வேண்டும்?

4. இது பாஸ்கராசாரியார் நூலில் உள்ளது. ஒருவன் தன் நண்பனிடம், "நீ எனக்கு நூறு கொடுத்தால் உன்னைப்போல் இரண்டு மடங்கு என்னிடம் இருக்கும்" என்கிறான். நண்பனோ, "நீ எனக்குப் பத்துக் கொடுத்தால் உன்னைப்போல் ஆறு மடங்கு என்னிடம் இருக்கும்" என்கிறான். யாரிடம் எவ்வளவு? (கொடுத்தவனிடம் குறையும் என்பதை மறந்துவிடாதீர்கள்.)

விடைகள்: 1. ஆண்கள் 2, பெண்கள் 12. 2. உலர்காய் 30 கிலோ, தண்ணீர் 120 கிலோ. 3. 9 விழுக்காட்டுக் குவியலில் 30 கிலோ, 14 விழுக்காட்டுக் குவியலில் 20 கிலோ. 4. முதலாமவனிடம் 40, நண்பனிடம் 170.